பாட்டு முடிந்த பிறகு நான் பேசியது

மக்கா,

பத்து வரி எழுதித் தாங்க என்று கேட்டிருந்தாய். அப்பா பாடின பழைய பாட்டுக்கும் மகன் பாடிப் பேர் வாங்கின புதுப் பாட்டுக்கும் என்ன வித்தியாசம், எது நன்றாக இருக்கிறது என்று அப்பா கைப்பட எழுதி, அதை மகன் மேடையில் வாசித்தால் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று அந்த நிகழ்ச்சிக்காரர்கள் சொன்னார்களாம். "தமாஷா எழுதுங்கப்பா, கடைசில மட்டும் கொஞ்சம் கண்ணு நெறையணும்" என்று நீ வேறு சொன்னாய். கண் நிறைவதற்கும் அளவு சொல்லிக் கேட்கிறீர்கள், நல்ல காலம்தான். நானும் உட்கார்ந்தேன். மூன்று நாளாக உட்கார்ந்து பார்த்தேன், அந்தப் பத்து வரி வரவே இல்லை. வந்தது இதுதான். இதை மேடையில் வாசித்துவிடாதே. காரில் யாரும் இல்லாதபோது, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் படி.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் உன் பக்கத்தில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பேன் என்று நீயே சொன்னாய். என் குரலை அப்படி ஓட்டினால் கோழிக்குஞ்சு கத்துவதுபோல இருக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதனால்தான் காகிதம். எழுதி முடித்ததும் தக்கலைக்குப் போய்க் கூரியரில் போட்டுவிடுவேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒப்பிட்டுச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் நம் பக்கத்தில் கிடையாது. இருபத்தைந்து வருடம் கானமேளையில் அடுத்தவர் பாட்டைப் பாடிப் பிழைத்தவன் நான். கோயில் கொடை, மாதா பள்ளித் திருநாள், கிளப் ஆண்டு விழா, எங்கே மேடை கட்டினாலும் போவோம். எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. ரிக்கார்டில் இருப்பதை அப்படியே இறக்க வேண்டும். பாடினவர் மூச்சு வாங்கின இடத்தில் நாமும் மூச்சு வாங்க வேண்டும். சொந்தமாக ஒரு சங்கதி போட்டால் கீழே இருந்து கூவிவிடுவார்கள். அந்தப் பாட்டின் சொந்தக்காரர் எங்காவது இருந்து இதைக் கேட்டால் அவருக்கு வயிறு எரியுமா குளிருமா என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. இப்போது எனக்கே வந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் வரும் போலிருக்கிறது.

போன சித்திரையில் தக்கலையில் ஒரு கல்யாண வரவேற்பு. என்னைத் தெரிந்தவர்கள் பிடித்து இழுத்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். நம் பாட்டைப் பாடினேன். கீபோர்டு வாசித்த பெண்பிள்ளை பாதியில் குனிந்து, "அங்கிள், ரெண்டாவது சரணத்துல சங்கதிய மாத்திப் பாடுதிய. ஒரிஜினல்ல அப்படி இல்ல" என்றாள். "எந்த ஒரிஜினல் பிள்ள?" என்றேன். "அது ஒங்க மகன் பாடினதுல்லா" என்றாள். நான் மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்ப் பிரியாணி சாப்பிட்டேன். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

நீ பெரிய ஸ்டூடியோவில் ஏழெட்டுப் பேரை வைத்துப் பாடினாய். நான் நம் வீட்டுத் தெற்கு அறையில், சபையில் இரவல் வாங்கின ஆர்மோனியத்தை மடியோடு சேர்த்து வைத்துக்கொண்டு, டேப்பின் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுப் பாடினேன். உன் பாட்டு மழைச் சத்தத்தோடு தொடங்குகிறது. என் பாட்டு இனயத்தில் இருந்து சைக்கிளில் வருகிற மீன்காரரின் ஹாரனோடு தொடங்குகிறது. அவர் நம் வாசலைத் தாண்டிப் போகட்டும் என்று பொறுத்திருந்தேன், அவரோ சாளை வேண்டுமா என்று கேட்டு நின்றுவிட்டார். முதல் வரி இருவருக்கும் ஒன்றுதான். 'உன் செருப்பு ரெண்டும் வாசலிலே ஊர்வழி பாத்துக் கெடக்குதடி.' அதை நான் பேசுகிற மாதிரி பாடியிருக்கிறேன், நீ கும்பிடுகிற மாதிரி பாடியிருக்கிறாய். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் என் டேப்பில் ஒரு பிள்ளை அழுகிறது. அது நீ, இரண்டரை வயது. உன் பாட்டில் அதே இடத்தில் புல்லாங்குழல் வருகிறது. "அந்த அழுக டைமிங்க்ல அப்படியே வாசிங்கன்னு சொன்னேன்பா" என்று நீ பெருமையாகச் சொன்னாய். ஊரெல்லாம் அந்தப் புல்லாங்குழலைக் கேட்டு உருகுகிறது. எனக்கு மட்டும் உன் மூக்கொழுகின முகம் தெரியும்.

கடைசி வரியில்தான் நீ என்னைத் தாண்டிப் போய்விட்டாய். 'எப்பம் வருவா எப்பம் வருவான்னு என்கிட்ட கேட்டு நிக்குதடி.' அந்தச் செருப்புகள்தான் கேட்கின்றன, அவள் எப்போது வருவாள் என்று. நீ அதை நான்கு முறை பாடுகிறாய், ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் இறங்குகிறது. நான்காவது தடவை குரலே இல்லை, காற்றுதான். நான் ஒரே தடவை பாடிவிட்டு முடித்துவிட்டேன். நீ என் பழைய பாட்டையும் இணையத்தில் போட்டாய் அல்லவா, அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார், இந்தப் பெரியவர் கடைசி வரியை அவசரமாக முடிக்கிறார், அந்த வரியில் இவருக்கு மனசு இல்லை என்று. நீ கோபப்பட்டு அவரோடு சண்டைக்குப் போனாய். அவரை விட்டுவிடு. யார் பெற்ற பிள்ளையோ, சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். அந்த வரியில் எனக்கு மனசு இல்லைதான். அதற்குப் பிறகு பேச வேண்டிய பேச்சில் இருந்தது என் மனசு.

நீ மேடைக்கு மேடை சொல்கிறாய், மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்த்த அம்மாவை ஊருக்கு வரச்சொல்லி அப்பா கெஞ்சின பாட்டு இது என்று. கேட்கிறவர்கள் கை தட்டுகிறார்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு தடவை அந்தக் கைதட்டை வாங்கியிருக்கிறேன். எழுந்து நின்று கும்பிட்டும் இருக்கிறேன், வெட்கமில்லாமல். அதைத்தான் இப்போது திருத்த வேண்டும்.

உன் அம்மா போகும்போது உனக்கு ஒன்றேமுக்கால் வயது. விமானத்துக்கு என்று புது ஷூ வாங்கினாள், பழைய செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போனாள். அப்போது போன் நம் வீட்டில் கிடையாது. புதுக்கடை சந்தியில் போன் பூத்தில் போய்க் காத்துக்கிடந்தால் இரண்டு நிமிடம் பேசலாம், அதுவும் பாதி கேட்காது. கேசட்தான் எங்கள் கடிதம். மஸ்கட்டில் இருந்து வருகிறவர் கையில் அவள் பேசிக் கொடுத்துவிடுவாள். நான் கேட்டுவிட்டு, அவள் பேசினதன் மேலேயே என் பேச்சைப் பதிந்து, திரும்பிப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவேன். எல்லாக் கல்ஃப் வீட்டிலும் அப்படித்தான். ஒரே கேசட் போய்ப் போய் வரும். உனக்கு அம்மா என்றால் அந்த டேப்தான். அதைத் திறந்தால் அம்மா பேசுவாள். அன்றைக்கு நீ அழுதாயே, டேப்பைத் திறந்து வைத்திருக்கிறேன், அம்மா பேசவில்லை, இந்த ஆள் பாடிக்கொண்டிருக்கிறார் என்றுதான் அழுதாய்.

அந்தப் பாட்டை எழுதினது நான் என்று சொல்கிறார்கள். எழுதினது நான்தான், சொன்னது நீ. காலையில் எழும்பின உடனே வாசலுக்குப் போய் அவளுடைய செருப்புக்குள் உன் கால் இரண்டையும் விட்டுக்கொண்டு, இழுத்து இழுத்துக் கேட் வரை நடப்பாய். கேட்டைப் பிடித்துக்கொண்டு, "எனக்க அம்ம எப்பம் வரும்?" என்பாய். மத்தியானம் ஒரு தடவை. பொழுது சாய ஒரு தடவை. அந்தச் செருப்பை யாரையும் தொட விடமாட்டாய். அடுத்த வீட்டில் இருந்த உன் அத்தை ஒருநாள் கழுவி வெயிலில் வைத்துவிட்டாள் என்று நீ போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. முதலில் நான் எழுதின கடைசி வரியில் பிள்ளைதான் கேட்டான், எப்பம் வருவா எப்பம் வருவா என்று. எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். இதை அவள் கேட்டால் மறுநாளே விமானம் ஏறிவிடுவாள் என்று பயமாக இருந்தது. அதனால் பிள்ளையை எடுத்துவிட்டுச் செருப்பைப் போட்டேன். என்ன கற்பனை, என்ன கற்பனை என்று எல்லோரும் மெச்சுகிற இடம் அதுதான் மக்கா.

ஏன் பயம் என்றால், அதற்கு முந்தின கேசட்டில் அவள் சொல்லியிருந்தாள். "இந்த லீவுல வந்தா நான் திரும்பிப் போவமாட்டேன், கேட்டியளா. எனக்கு பிள்ளயக் காணாம இருக்கப் பற்றாது. நீங்க என்ன சொல்லுதிய?" என்று. நம் வீடு அப்போது சுவர் எழும்பி மேலே வானம் பார்த்துக் கிடந்தது. உன் அத்தைக்குக் கல்யாணம் பேசி முடித்த நேரம். கானமேளைக்காரனின் வரும்படியில் ஓலை வேயலாம், கான்கிரீட் போட முடியாது. அவள் கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், நேராகச் சொல்ல வாய் வரவில்லை. முதலில் ஒரு பாட்டுப் பாடி அவள் மனசைக் குளிரவைத்துவிட்டு அப்புறம் சொல்லுவோம் என்று நினைத்தேன். கசப்பு மருந்தைச் சீனியில் கலந்து பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி. அந்தச் சீனிதான் இப்போது நீ பாடுகிற பாட்டு.

பாட்டு முடிந்ததும் நான் பேசியது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். "பாட்டு கொள்ளாமா, நல்லா இருக்கா பிள்ள? சரி, கேளு. இப்பம் வரண்டாம். ரெண்டே ரெண்டு வருசம். கான்கிரீட்டு போட்டாச்சுன்னா பெறவு நீ போவவே வேண்டாம். பிள்ளைக்கு இங்க ஒரு கொறவும் இல்ல. நடுவுல கேட்டியே, அது மிட்டாய்க்கு அழுவுதான். ஒன்ன இப்பம் அவன் கேக்கதே இல்ல. நீ சமாதானமா இரு." இவ்வளவுதான். கடைசியில் சொன்னதை அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஆண்டவர் சாட்சியாகச் சொல்கிறேன், ஆறுதல் என்றுதான் நினைத்தேன். பிள்ளை தேடி அழுகிறான் என்று தெரிந்தால் அவள் அங்கே உருகுவாள், தேடவில்லை என்று தெரிந்தால் நிம்மதியாக வேலை பார்ப்பாள். நான் எப்படிப்பட்ட மடையன் என்று பார்.

அந்தக் கேசட் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவள் கேசட்டே அனுப்பவில்லை, கடிதம்தான். "நீங்கள் சொன்னபடியே நிற்கிறேன்" என்று ஒரு வரி, மற்றதெல்லாம் விசாரிப்பு. இரண்டு வருடம் என்றது இழுத்துக்கொண்டு போய், லீவில் அவள் வரும்போது உனக்கு ஐந்து வயது. நீ பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வெளியே வரமாட்டேன் என்றாய். மூன்றாவது நாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் காதில் சொல்கிறேன் என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டாய்: "அப்பா, அந்த ஆன்ட்டி எப்பம் போவும்?" அவள் மரச்சீனிக் கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "சாரமில்ல, விடுங்க. அவன் அப்பமே என்னக் கேக்காம ஆயிட்டான்லா" என்று சொல்லி உனக்கு இன்னும் இரண்டு துண்டு வைத்தாள். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். இல்லை பிள்ள, அவன் நாள் முழுக்கக் கேட்டான், நான் பொய் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தனை வருடமும் என் தலையில் வந்து விழும். மீன் குழம்பை ஊற்று என்றேன். ஒரு மாதம் முடிந்ததும், யாரும் சொல்லாமலே அவளாக டிக்கெட் எடுத்துத் திரும்பிப் போனாள். அப்புறம் நீ ஏழாம் வகுப்புப் படிக்கிறபோதுதான் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். மற்றது உனக்குத் தெரியும்.

நாலு வருடத்துக்கு முன்னால், உன் கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்று தேடி அவள் பீரோவைக் குடைந்தாயே, அப்போது சேலைக்கு அடியில் அந்தக் கேசட் உன் கையில் அகப்பட்டது. தக்கலையில் யாரையோ பிடித்துப் பழைய டேப்பைச் சரிசெய்து கொண்டுவந்து, ஹாலில் வைத்து, எல்லோரும் வாங்க வாங்க என்று கூப்பிட்டாய். ஜெனிஷாவும் வந்திருந்தாள், கல்யாணச் சேலை காட்ட. நீ பொத்தானை அமுக்கினாய். மீன்காரரின் ஹாரன் கேட்டதும் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாட்டு ஓட ஓட நான் எண்ணிக்கொண்டிருந்தேன், இன்னும் ஒரு சரணம், இன்னும் இரண்டு வரி, அப்புறம் என் குரல் பேசும், வரப்போகிற மருமகளுக்கு முன்னால் பேசும். எழுந்து டேப்பை நிறுத்தவும் இல்லை. உன் அம்மா அடுக்களை வாசலில் உட்கார்ந்து சாளை வெட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் வெறும் இரைச்சல். தூரத்தில் ஏதோ கதவு சாத்துகிறது, தெரியாத பாஷையில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், பக்கத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சுகிறாள். நான் பேசினதன் மேல் அவள் மஸ்கட் அறையை அப்படியே பதிந்து வைத்திருக்கிறாள், ஒரு வார்த்தையும் பேசாமல். "கடைசில சும்மா பேக்ரவுண்ட் நாய்ஸ், கட் பண்ணிரலாம்" என்று நீ சொன்னாய். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் மீனில் இருந்து கண் எடுக்கவில்லை.

அப்புறம் நீ பாடினாய், பேர் வந்தது, பஸ்ஸில் போட்டார்கள், கல்யாண வீடியோவில் எல்லாம் போட்டார்கள். உன் அம்மா அதைக் கேட்கமாட்டாள் என்று நான் நினைத்தேன். தேங்காய் துருவும்போது கேட்பாள், துணி மடிக்கும்போது கேட்பாள், போனை முந்தானையில் சொருகிக்கொண்டு கேட்பாள். என் பாட்டை ஒருநாளும் போட்டதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள், "என்ன பிள்ள, எனக்கதவிட அவனுக்கது கொள்ளாமா?" என்று கிண்டலாகக் கேட்டேன். அவள் துருவியதை நிறுத்தாமலே, "அவன் பாடினதுல கடைசில பேச்சு இல்லல்லா" என்றாள். நீ எழுதக் கேட்ட பத்து வரியையும் அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். நான் வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மழை பெய்து ஓய்ந்த நேரம், செடிக்குத் தண்ணீர் தேவையே இல்லை.

இப்போது இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆராதனை முடிந்து வந்து எல்லோரும் ஹாலில் இருந்தோம். அயர்லாந்தில் இருந்து ஜெனிஷா வீடியோ காலில் வந்தாள். உங்கள் பிள்ளையை நம்மிடம் விட்டுவிட்டு அவள் போய் ஏழு மாதம். டூட்டி முடிந்து வந்த உடை மாற்றாமல் இருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "எனக்கு முடியல, நான் வந்திரட்டா?" என்று உன்னிடம் கேட்டாள். நீ அவளுக்கு எடுத்துச் சொன்னாய். இன்னும் ஒரு வருடம் நின்றால் பிள்ளையையும் உன்னையும் கூட்டிக்கொள்ளலாம், இப்போது விட்டால் எல்லாம் போய்விடும் என்று. சொன்னது எல்லாம் நியாயம்தான். முதலில் அந்தப் பாட்டில் இரண்டு வரி பாடிக் காட்டினாய், அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு சொன்னாய்: "நீ டென்ஷன் ஆவாத. அவன் இப்பம் ஒன்னத் தேடுறதே இல்ல. ஜாலியா இருக்கான்." அவள், "அப்படியா" என்றாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

என் டேப்பில் நான் பேசினதை நீ கேட்டதே இல்லை. கேட்க வழியே இல்லை, அவள் அழித்துவிட்டாள். இருந்தும் அப்படியே இறக்கிவிட்டாய், மூச்சு வாங்கின இடம்கூட மாறாமல். ஆறுதல் என்றுதான் நீயும் நினைத்திருப்பாய், எனக்குத் தெரியும். உன் அம்மா பிள்ளைக்கு ஏத்தன்பழம் பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்த கை கிண்ணத்துக்குள் அப்படியே நின்றது. பிள்ளை வாயைத் திறந்து திறந்து காட்டினான், அவள் பார்க்கவில்லை. நீ கேமராவைத் திருப்பி, "அம்மாட்ட பேசு" என்று ஜெனிஷாவிடம் சொன்னதும் உன் அம்மா சிரித்துக்கொண்டு பேசினாள். அன்றிலிருந்து உன் பாட்டை அவள் போடவில்லை. மறுநாள் காலையில் துணி காயப்போடும்போது என் பக்கம் திரும்பாமல், "அவனுக்க பாட்டுல கடைசிப் பேச்சு இல்லேன்னு இருந்தேன். இருக்குல்லா" என்றாள். "நீங்க அவன்ட்ட பறயணும். நான் சொன்னா அவன் வெளங்கிக்கிட மாட்டான்" என்றாள்.

பறயலாம் என்றுதான் அன்றைக்கு உன்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தக்கலைக்கு வந்தேன். பஸ் வர நேரம் இருந்தது. சாயா குடித்தோம். இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன். "என்னப்பா?" என்றாய். "மைக்க வாய்க்கு ரொம்பப் பக்கத்துல வைக்காத லே, மூச்சுச் சத்தம் கேக்கு" என்றேன். நீ சரிப்பா என்று சொல்லி ஏறிப் போய்விட்டாய். ஆயிரம் பேருக்கு முன்னால் வாய் கூசாமல் பாடினவன், பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் ஸ்டாண்டிலேயே நின்றேன். திரும்பி வந்தபோது அவள் சொன்னீர்களா என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

நீ கேட்ட பத்து வரியை எழுத உட்கார்ந்த முதல் நாள், பேனாவை மூடி வைத்துவிட்டு அவளிடம் போனேன். பிள்ளையின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு டேப்புல நான் பறஞ்சது கள்ளம்" என்றேன். "அவன் ஒன்னக் கேட்டான். எல்லா நாளும் கேட்டான். ஒனக்க செருப்பப் போட்டுக்கிட்டு கேட் வரைக்கும் நடப்பான்." அவள் மடித்த துணியைத் திரும்பப் பிரித்தாள். "எல்லா நாளுமா?" என்றாள். எல்லா நாளும் என்றேன். "எந்நேரம்?" என்றாள். சொன்னேன். "என்ன கேப்பான்?" சொன்னேன். "அம்மன்னு சொல்லுவானா, அம்மான்னு சொல்லுவானா?" அம்ம என்றுதான் என்றேன். "செருப்பு ரெண்டையும் போடுவானா, ஒண்ணையா?" "நடக்கும்போ விழுந்திருக்கானா?" "அந்தச் செருப்பு பெறவு என்ன ஆச்சு?" இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தாள், மக்கா. முப்பது வருடத்துக்கு முந்தின ஒரு பிள்ளையைப் பற்றி, நேற்று நடந்ததை விசாரிப்பதுபோல விசாரித்தாள். தெரிந்ததைச் சொன்னேன், சிலதெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "இத ஒரு கேசட்டுல பேசி விட்டிருக்கலாம்லா" என்றாள். எழுந்து போய்ச் சோறு வடித்தாள். திட்டவில்லை, அழவில்லை, எனக்கு நேரத்துக்குச் சாப்பாடு வைக்கிறாள். ஒரு பாத்திரத்தையாவது தூக்கி எறிந்தால் நன்றாக இருக்கும். எறியமாட்டேன் என்கிறாள்.

ஜெனிஷாவைத் திரும்ப வரச்சொல் என்று உனக்கு எழுத எனக்கு வாய் இல்லை. உன் நியாயமெல்லாம் சரி. அன்றைக்கு என் நியாயமும் சரியாகத்தான் இருந்தது, நான் போட்ட கான்கிரீட் இன்றுவரை ஒழுகவில்லை. ஒரு வருடம் நின்றால் நல்லதா, வந்தால் நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். உன் பிள்ளை தேடுகிறான். இப்போது மீன்காரர் சைக்கிளில் வருவதில்லை, டிவிஎஸ்ஸில் வருகிறார், ஹாரன் மட்டும் அதே ஹாரன். ஜெனிஷா இருந்தபோது ஹாரன் கேட்டதும் இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போவாள் அல்லவா. இப்போதும் ஹாரன் கேட்டால் இவன் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடுகிறான். மீனைப் பார்ப்பதில்லை. அவருக்குப் பின்னால் ரோட்டைப் பார்க்கிறான். வண்டி போன பிறகும் நிற்கிறான். பிறகு உள்ளே வந்து நீங்கள் படுக்கிற அறையில் கதவுக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறான். நீ மாதத்துக்கு இரண்டு நாள் வருகிறாய், அந்த இரண்டு நாளும் உன்னோடு விளையாடிக்கொண்டிருக்கிறான், அதனால் நீ பார்த்திருக்கமாட்டாய்.

அவளுக்கு இதைச் சொல். பாட்டுப் பாடிவிட்டுச் சொல்லாதே, சும்மா சொல். கேட்டுவிட்டு அவள் வருவாளோ, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாளோ, அதை அவள் பார்த்துக்கொள்ளட்டும். மேடைக்கு ஏதாவது வேண்டும் என்றால், மகன் பாடினதுதான் நன்றாக இருக்கிறது என்று அப்பா எழுதியிருக்கிறார் என்று வாசித்துவிடு. அதில் பொய் ஒன்றும் இல்லை.

இவ்வளவும் எழுதி, உன் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்க வாசித்தாள். "கூரியரு எப்பம் போய்ச் சேரும்?" என்றாள். இரண்டு நாள், மூன்று நாள் ஆகும் என்றேன். "அவன் படிச்சு, யோசிச்சு, பெறவு அவகிட்ட சொல்லணும். இல்லியா?" என்றாள். ஆமாம், அவன் சொல்லுகிறவரை நாம் பொறுத்திருப்போம், அவன் குடும்ப விஷயம் என்றேன். "நான் பொறுத்தது போதும்" என்றாள். அந்த நேரத்தில் ஹாரன் கேட்டது. பிள்ளை ஓடினான். அவள் போனைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. வேறு என்ன செய்ய?

எடுத்த வீடியோவை ஜெனிஷாவுக்கு அனுப்பிவிட்டாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவள் பார்த்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். எனக்கும் போட்டுக் காட்டினாள். அரை நிமிடம்தான் இருக்கும். அதில் பாட்டு இல்லை. மீன்காரரின் ஹாரன் கேட்கிறது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் முதுகு தெரிகிறது. 'ம்ம எப்ப, ம்ம எப்ப' என்று அவன் ரோட்டைப் பார்த்துக் கேட்கிறான். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் பேசவில்லை.

அப்பா